பாய்ச்சல் வரிசை

அந்த ஆராய்ச்சி நிலையத்தில் அவளுக்கு வைத்த பெயர் மழைக்காரி. முகத்துக்கு நேரே அப்படிக் கூப்பிட்டவர் புள்ளியியல்காரர் ஒருவர்தான். மற்றவர்கள் மரியாதை தெரிந்தவர்கள், முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். பெயரில் தப்பு ஒன்றும் இல்லை. மூன்றாவது பசுமைக்குடிலில் இருந்த எண்பது நெல் தொட்டிகளில் எதற்கு மழை, எதற்கு வறட்சி என்று தீர்மானிப்பவள் அவள். கூரை முழுக்கக் கண்ணாடி என்பதால் அங்கே மேகத்துக்கு வேலை கிடையாது.

காலை ஏழு மணிக்கு ஆரம்பிப்பாள். ஒவ்வொரு தொட்டியாகத் தூக்கித் தராசில் வைப்பாள். நேற்றைக்கும் இன்றைக்கும் எடையில் எவ்வளவு குறைந்திருக்கிறதோ, அவ்வளவு தண்ணீர் போயிருக்கிறது என்று கணக்கு. அதை அளந்து ஊற்றி, எடையை நோட்டில் எழுதி, அடுத்த தொட்டி. எண்பதும் முடிய மூன்று மணி நேரம் ஆகும். இடுப்பு தனிக்கதை.

எண்பதில் நாற்பதுக்கு வெள்ளைச் சீட்டு. அது பாய்ச்சல் வரிசை. அந்தச் செடிகள் ஒரு நாள்கூடத் தாகம் என்றால் என்னவென்று அறியக் கூடாது. மீதி நாற்பதுக்குச் சிவப்புச் சீட்டு, காய்ச்சல் வரிசை. கதிர் உள்ளே உருவாகிற சமயம் பார்த்து அவற்றை ஐந்து நாள் பட்டினி போட வேண்டும். இரண்டு வரிசையும் ஒரே தாய்ச்செடியின் விதை. மரபணு எழுத்து ஒன்றுகூட வேறு இல்லை. கேள்வி இதுதான்: பட்டினி கிடந்த செடியின் பேத்திக்கு அந்தப் பட்டினி ஞாபகம் இருக்குமா?

அதெப்படி இருக்கும் என்று கேட்பவர்களுக்கு அவளிடம் ஒரு பதில் உண்டு. அக்கா படித்த பாடப்புத்தகம் தங்கைக்கு வருகிறது. அச்சு மாறுவதில்லை. ஆனால் எந்த வரி முக்கியம் என்று அக்கா போட்ட அடிக்கோடு கூடவே வருகிறது. தங்கை பரீட்சைக்கு அந்த வரியை முதலில் படிக்கிறாள். செடியும் தன் எழுத்துகள் மேல் சின்னச் சின்ன ரசாயனக் குறிகளை இப்படிப் போட்டுவைக்கிறது. வறட்சி வந்தால் எதைப் படிக்க வேண்டும், எதைப் புரட்டிவிட்டுப் போகலாம் என்று. அந்தக் குறிகள் பேத்தி வரை அழியாமல் வருகின்றனவா என்பதைத்தான் அவள் மூன்று வருஷமாகத் தூக்கித் தூக்கி எடை பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த நிலையத்தில் ஒரு கண்டிப்பான வழக்கம் உண்டு. யாருடைய தொட்டியோ அவர்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும், வேறு ஒரு கை படக் கூடாது. முன்பு ஒருமுறை, பெருக்குகிற அம்மாள் வாடிக்கிடந்த செடிகளைப் பார்த்து மனம் கேட்காமல் ஒரு குடம் ஊற்றிவிட்டாள். பாவம் பார்த்ததில் ஒருவருடைய ஒரு வருஷ உழைப்பு போயிற்று. அதிலிருந்து ஒவ்வொரு குடிலின் கதவிலும் பலகை தொங்குகிறது. 'உரியவர் தவிர யாரும் தண்ணீர் ஊற்றக் கூடாது.' அதற்குக் கீழே யாரோ பென்சிலால், 'பாவமும் பார்க்கக் கூடாது' என்று சேர்த்திருந்தார்கள்.

இந்த வழக்கம் மற்றவர்களுக்குச் சுமை. அவளுக்கு அப்படியில்லை. ஞாயிற்றுக்கிழமையும் வருவாள். "செடிக்கு ஞாயிறு திங்கள் தெரியுமா?" என்பாள். உண்மை என்னவென்றால், நாற்பத்திரண்டு வயதில் அவளுக்கும் ஞாயிற்றுக்கிழமையை வைத்துக்கொண்டு செய்ய ஒன்றும் இல்லை. வீடு என்பது இரண்டாவது மாடியில் ஓர் அறை, ஒரு சமையலறை. ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டிடத்தின் சுவர். ஒரு தட்டு, ஒரு டம்ளர் கழுவிவைத்துவிட்டால் அன்றைய குடித்தனம் முடிந்தது. அப்படி ஒரு வீட்டுக்குப் போவதைவிட எண்பது தொட்டி தூக்குவது மேல்.

மூன்றாம் தலைமுறை நாற்றுகளுக்குச் சோதனை முடிந்த அன்று, இயக்குநர் அம்மா எல்லோரையும் கூட்ட அறைக்குக் கூப்பிட்டார். எண்பது நாற்றுக்கும் ஒரே நாளில் தண்ணீரை நிறுத்தியிருந்தார்கள். அனுபவம் இல்லாத செடி சீக்கிரம் இலையைச் சுருட்டும். விவரம் தெரிந்த செடி தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழித்து நின்று பிடிக்கும். ஆகவே வெள்ளைச் சீட்டு முதலில் சுருள வேண்டும், சிவப்பு பிறகு. நடந்தது அதுவல்ல. இரண்டும் எட்டாம் நாள்தான் சுருண்டன.

புள்ளியியல்காரர் திரையில் குறிகளின் வரைபடத்தைக் காட்டினார். ஐம்பது வயது, முழங்கால் வலி, பொய்யான எண் என்றால் வாசனையிலேயே கண்டுபிடித்துவிடுவதாகப் பெயர் வாங்கியவர்.

"மேடம், நானும் நாலு விதமா போட்டுப் பார்த்துட்டேன். வெள்ளை, சிவப்பு ரெண்டுலயும் அதே இடத்துல அதே குறி. வித்தியாசமே இல்ல. இரட்டைப் பிள்ளைங்களுக்குக்கூட ஒரு மச்சமாவது மாறும்."

"அப்ப வறட்சி எந்தக் குறியையும் விட்டுட்டுப் போகல. இது பிறவியிலேயே இருக்கற குறி," என்றார் இயக்குநர். "பரவாயில்ல. ஞாபகம் இல்லைன்னு சொல்றதும் ஒரு முடிவுதான். அறிக்கை எழுதிடுங்க. முதல் பேரு உங்க பேரு. ஆறு வாரத்துல நிரந்தர வேலைக்குக் குழு கூடுது. இது கையில இருந்தா நான் பேசறதுக்கு வசதி."

எல்லோரும் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். இரண்டு வரிசையும் ஏன் ஒரே மாதிரி இருக்கின்றன என்று அந்த அறையில் தெரிந்த ஒரே ஆள் அவள்.

ஒன்றரை வருஷத்துக்கு முன்னால், தாய்ச்செடியின் விதையைப் பெருக்கி முடித்து, முதல் தலைமுறை வளர்ந்துகொண்டிருந்த நேரம். ஒரு வியாழக்கிழமை காலை எடை பார்த்து முடித்துக் கை கழுவும்போது தம்பியிடமிருந்து போன் வந்தது. அம்மா வேறு ஊரில் அவனோடு இருந்தாள். அவன் "அக்கா" என்றான். அதற்குமேல் அவனால் பேச முடியவில்லை. அடுத்த வண்டியைப் பிடித்துவிட்டாள். வெள்ளியும், அடுத்த திங்களும் செவ்வாயும் விடுமுறையாக வந்த வாரம் அது, லீவுகூடச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சிவப்புத் தொட்டிகளுக்கு வெள்ளிக்கிழமை முதல் ஐந்து நாள் பட்டினி, ஏற்கெனவே குறித்துவைத்தது. வெள்ளைத் தொட்டிகள் ஒரு நாள் தாங்கும், சனிக்கிழமை திரும்பிவிடலாம் என்று நினைத்தாள்.

திரும்பவில்லை. தம்பி ஒடிந்துபோய் உட்கார்ந்திருந்தான். வருகிறவர்களுக்கு நாற்காலி போடவும் டாக்டரிடம் சான்றிதழ் வாங்கவும் வேறு ஆள் இல்லை. புள்ளியியல்காரருக்கு ஒரு போன் செய்தால் போதும், வழக்கத்தை மீறி வந்து ஊற்றிவிட்டுப் போயிருப்பார். இரண்டு முறை எண்ணை அழுத்தி, மணி அடிப்பதற்குள் துண்டித்தாள். ஏன் ஊற்ற வேண்டும் என்று கேட்பாரே, அதற்கு அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டுமே.

புதன்கிழமை காலை வந்து குடிலைத் திறந்தால் எண்பது தொட்டியும் ஒன்றுபோல் காய்ந்து, இலைகள் ஊசியாகச் சுருண்டு நின்றன. உடனே ஊற்றினாள். சாயங்காலத்துக்குள் இலை விரிந்துவிட்டது. ஒன்றுமே நடக்காததுபோல் அத்தனையும் பச்சைப் பசேலென்று நின்றன. அப்போதுதான் அந்த வேலையைச் செய்தாள். நோட்டைத் திறந்து, வெள்ளை வரிசைக்கு ஐந்து நாள் எடையை உட்கார்ந்து எழுதினாள். இருநூறு எண்கள். எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் சந்தேகம் வருமென்று ஐந்து கிலோ இருபது கிராம், நாற்பது கிராம், பதினைந்து கிராம் என்று மாற்றி மாற்றி எழுதினாள். பத்து வருஷம் உண்மையான எடை பார்த்த கை. பொய் எடை அதைவிட அழகாக வந்தது. வாசனை பிடிக்கிற புள்ளியியல்காரர்கூட மூக்கைச் சுளிக்கவில்லை.

வேலைக்குப் பயந்து செய்தாள் என்று சொன்னால் அது பாதிப் பொய். நடந்ததை எழுதியிருந்தால் இயக்குநர் திட்டியிருப்பார், மறுபடி விதைக்கச் சொல்லியிருப்பார், நான்கு மாதம் போயிருக்கும், அவ்வளவுதான். ஆனால் எங்கே போனாய் என்று கேட்டிருப்பார்கள். சொன்னால் கூடி நின்று பார்ப்பார்கள், இன்னும் இன்னும் கேட்பார்கள். சொல்லாமல் விட்டால், ஊருக்குத்தான் அம்மா இல்லை, இந்தக் கட்டிடத்தில் இருக்கிறாள். இயக்குநர் மாதம் ஒருமுறை தவறாமல், "அம்மா எப்படி இருக்காங்க?" என்பார். "இருக்காங்க மேடம்" என்பாள். கால் வலி எப்படி என்றால், "முன்னைக்கு இப்ப தேவல" என்பாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். அவள் ஓர் அம்மாவையே மறைத்திருந்தாள்.

கூட்டம் முடிந்த மறுநாள் குளிர் அறைக்குப் போனாள். தாய்ச்செடியின் மூலவிதை அங்கே உறையில் இருந்தது. அது எந்தச் சோதனையிலும் சேராதது, தாகத்தையும் பாய்ச்சலையும் பார்க்காதது. திட்டத்தில் இடமில்லை என்று அதன் குறிகளை யாரும் படிக்கவும் இல்லை. மூலவிதையில் பத்துத் தொட்டி, வெள்ளையில் பத்து, சிவப்பில் பத்து. முளைப்புச் சோதனை என்று சீட்டு ஒட்டி மூலையில் வைத்தாள். இருபத்தோராம் நாள் மூன்றுக்கும் தண்ணீரை நிறுத்தினாள். கேட்பாரும் இல்லை, பார்ப்பாரும் இல்லை.

ஐந்தாம் நாள் உச்சி வெயிலில் மூலவிதைச் செடிகள் பத்தும் பாயைச் சுருட்டியதுபோல் சுருண்டன. பக்கத்தில் வெள்ளையும் சிவப்பும் அசையாமல் நின்றன. எட்டாம் நாள் வரை நின்றன.

அவள் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள். நெல்லுக்கு ஞாபகம் இருக்கிறது. சிவப்புக்கும் இருக்கிறது, வெள்ளைக்கும் இருக்கிறது, ஏனென்றால் இரண்டும் அந்த ஐந்து நாளைப் பார்த்தவை. மூன்று வருஷம் எதைத் தேடினாளோ அது கண்ணெதிரே நின்றது. அதை மறைத்துக்கொண்டு நின்றது அவள் கையெழுத்து. அந்த ஐந்து நாளுக்கு இந்த உலகத்தில் தம்பியைத் தவிர அவளுக்கு வேறு சாட்சி இல்லை என்று நினைத்திருந்தாள். நாற்பது செடி தன் பேத்திகள் வரை சொல்லிவைத்திருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது, பயமும் வந்தது, யாரிடமாவது உடனே சொல்ல வேண்டும் என்றும் வந்தது. யாரிடம் என்று யோசித்தபோது ஓர் ஆளும் கிடைக்கவில்லை. தம்பிக்குப் போட்டாள்.

"என்னக்கா, இந்த நேரத்துல? உடம்பு ஏதும்...?"

"அதெல்லாம் இல்லடா. வெள்ளைச் சீட்டுத் தொட்டிக்கும் ஞாபகம் இருக்குடா."

"என்ன தொட்டி?"

"ஒண்ணுமில்ல. சாப்பிட்டியா?"

"ஆச்சு. நீ?"

"ஆச்சு," என்றாள். பேசி முடித்தாயிற்று.

வாரக் கடைசியில் அறிக்கை எழுத உட்கார்ந்தாள். பேசாமல் இருந்துவிட்டால் யாருக்கும் தெரியாது. மூலையில் இருந்த முப்பது தொட்டியைக் கவிழ்த்துக் கழுவி வைத்துவிட்டால் தீர்ந்தது. நிரந்தர வேலை, முதல் பெயர். பம்ப் பழுது என்று ஏதாவது கதை கட்டலாமா என்றும் பார்த்தாள். கட்ட முடியாது, நோட்டில் இருநூறு எண் வரிசையாக நின்று அவளைப் பார்த்தது. 'வறட்சி அனுபவம் அடுத்த தலைமுறைக்குச் செல்வதில்லை' என்று முதல் வரியைத் தட்டினாள். இதை எங்கோ ஒருவர் படிப்பார். தான் செய்துகொண்டிருப்பதை வீண் என்று நிறுத்திவிடுவார். பொய் சொன்னது அவள், ஞாபகம் இல்லாதது என்று பெயர் வாங்கப்போவது செடி. அந்த வரியை அழித்தாள். மறுபடி தட்டினாள். மறுபடி அழித்தாள். மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். அவளுக்கு வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கவே பயமாக இருந்தது.

திங்கட்கிழமை காலை, எடை பார்ப்பதற்கு முன்பே இயக்குநரின் அறைக்குப் போனாள். நோட்டை மேஜைமேல் திறந்து வைத்தாள்.

"மேடம், இந்த அஞ்சு நாள் எடை நான் பார்க்கல. நானா எழுதினது. அந்த அஞ்சு நாளும் வெள்ளைத் தொட்டிக்குத் தண்ணி இல்ல." மூலவிதைச் செடிகள் ஐந்தாம் நாள் சுருண்டதையும் சொன்னாள். நெல் சொன்னதுதான் சரி, நோட்டுதான் தப்பு என்றாள்.

இயக்குநர் பக்கத்தைப் பார்த்தார். விரலால் எண்களின்மேல் மெதுவாகத் தடவிக்கொண்டே போனார்.

"இருநூறும் நீங்களேவா?"

"ஆமா மேடம்."

"மூணு வருஷம்! எத்தனை பேர் உழைப்பு தெரியுமா இதுல? காஞ்சு போச்சு மேடம்னு ஒரு வார்த்தை, ஒரே வார்த்தை சொல்லியிருந்தா நாலு மாசத்துல மறுபடி விதைச்சிருக்கலாம். நான் என்ன உங்களைத் தூக்கிலயா போட்டிருப்பேன்?" குரல் உயர்ந்தது. வராந்தாவில் நடந்துபோனவர்கள் நின்றார்கள். "அந்த அஞ்சு நாள் அப்படி எங்கதான் போனீங்க?"

தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன.

"அம்மா இறந்துட்டாங்க மேடம்."

கோபப்படுவதா வேண்டாமா என்று இயக்குநர் முகத்துக்கே தெரியவில்லை.

"போன வாரம்கூடக் கேட்டேனேம்மா. கால் வலி தேவலன்னு சொன்னீங்களே."

"ஆமா மேடம். சொன்னேன்."

இயக்குநர் நோட்டை மூடினார். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் செய்ய வேண்டியதைச் செய்கிறவர். "இதை நான் மேல சொல்லியாகணும். பொய் எண் பொய் எண்தான், காரணம் எதுவா இருந்தாலும். மூலவிதையிலேர்ந்து முழுக்க மறுபடி செய்யச் சொல்றேன், வேற ஆளை வெச்சு. ஞாபகம் இருக்குன்னு வந்தா சந்தோஷம்தான். ஆனா அதுல உங்க பேரு இருக்காது. புரியுதா?"

"புரியுது."

"குடில் சாவியைக் குடுத்துட்டுப் போங்க. நான் கூப்பிடற வரைக்கும் வர வேண்டாம்."

சாவியைக் கொடுத்தாள். எண்பது தொட்டிக்கும் அன்று காலைத் தண்ணீர் பாக்கி. யார் ஊற்றுவார்கள் என்று கேட்க வாயெடுத்தாள், கேட்கவில்லை.

மூன்று நாள் வீட்டிலேயே இருந்தாள். ஆறு மணிக்கு விழிப்பு வந்துவிடும். ஏழு மணிக்குக் கை சும்மா இருக்க மறுக்கும். எதையாவது தூக்கி வைக்கலாம் என்றால் அந்த வீட்டில் தூக்க என்ன இருக்கிறது? போன் ஒருமுறைகூட அடிக்கவில்லை. செய்த காரியத்துக்கு இதுதான் கூலி என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். மூன்றாம் நாள் மாலை ஐந்து மணி இருக்கும், அழைப்பு மணி அடித்தது.

புள்ளியியல்காரர். இரண்டு மாடி ஏறியதில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றார்.

"என்னங்க, நீங்க எங்க இங்க? மேடம் ஏதாவது சொல்லி அனுப்பினாங்களா?"

"யாரும் அனுப்பல. துக்கம் கேக்க வந்தேன்."

அவளுக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. "ஒன்றரை வருஷம் ஆச்சுங்க."

"எனக்கு முந்தாநாள்தான தெரியும்? உள்ள வரலாமா, இல்ல இப்படியே படிக்கட்டுல உக்காரவா? ரெண்டுல ஒண்ணு சீக்கிரம் சொல்லுங்க, கால் கெஞ்சுது."

இருந்த ஒரே நாற்காலியை அவருக்குப் போட்டுவிட்டு அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். எண்களைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஏமாந்ததில் அவருக்குக் கோபம் இல்லாமல் இருக்காது. அதை வாசலில் செருப்போடு விட்டுவிட்டு வந்திருந்தார். துக்க வீட்டில் என்ன கேட்பார்களோ, அதை முறையாக, ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"என்ன வயசு அம்மாவுக்கு?"

"எழுபத்தொண்ணு."

"படுக்கையில இருந்தாங்களா?"

"இல்ல. காலையில தானா எழுந்து பல் தேய்ச்சிருக்காங்க. தம்பி டீ போட்டு எடுத்துட்டு வர்றதுக்குள்ள..."

"கஷ்டப்படல."

"படலன்னுதான் டாக்டரும் சொன்னார்."

"உங்ககிட்ட கடைசியா எப்ப பேசினாங்க?"

இந்தக் கேள்விதான். ஒன்றரை வருஷமாக இந்தக் கேள்வி வரக்கூடிய எல்லா வழியையும் அடைத்துவைத்திருந்தாள். இருநூறு எண்களை எழுதியது இதற்காக. கால் வலி தேவலை என்று சொன்னது இதற்காக. இப்போது ஒரு முழங்கால் வலிக்காரர், இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, ரொம்பச் சாதாரணமாகக் கேட்டுவிட்டார்.

"முதல் நாள் புதன்கிழமை காலையில கூப்பிட்டாங்க," என்றாள். "முப்பத்திரண்டாவது தொட்டி தராசுல இருந்துது. 'ஏண்டி, ஒரு விஷயம் சொல்லணும்'னாங்க. எடை பார்த்துட்டுக் கூப்பிடறேம்மான்னு வெச்சுட்டேன். எண்பதும் பார்த்தேன். அன்னிக்கு ஒரு எண்கூடத் தப்பில்ல, நீங்க வேணும்னா நோட்டுல பாருங்க. ஆனா திரும்பக் கூப்பிடல. மறந்துட்டேன். என்ன சொல்ல வந்தாங்கன்னு தம்பிகிட்ட கேட்டேன், அவனுக்கும் தெரியல. யாருக்குமே தெரியல."

செத்த வீட்டில் நாற்காலி தூக்கிப்போட்டபோதும் வராத அழுகை, வாயைப் பொத்தியும் நிற்கவில்லை. "கிளம்புங்க, உங்களுக்கு நேரமாகுது," என்று அழுகைக்கு நடுவே சொன்னாள்.

"அழுங்க," என்றார் புள்ளியியல்காரர். "எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

அவள் அழுது முடிக்க அன்று ரொம்ப நேரம் ஆயிற்று. அவர் உட்கார்ந்திருந்தார்.